பக்கத்து நிலங்கள் சொன்ன சாட்சி

என் வீட்டு மாடிக்குக் குடிவந்த பெண்ணுக்குச் சொந்த ஊர் பாலஸ்தீனம் என்று காவல் நிலையத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பாகிஸ்தானாம்மா?"

"இல்லைங்க சார். பாலஸ்தீனம்."

"அது எங்கம்மா இருக்குது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். கடவுச்சீட்டு, விசா, பல்கலைக்கழகக் கடிதம், வாடகை ஒப்பந்தம் என்று அவர் கேட்கக் கேட்க அவள் ஒரு பிளாஸ்டிக் கோப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். எதற்கும் இரண்டாவது முறை தேட வேண்டியிருக்கவில்லை. "இவ்ளோ ஒழுங்கா பேப்பர் வெச்சிருக்கறவங்கள நான் பாத்ததே இல்லம்மா" என்றார் ஏட்டு. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரித்தாள். "எங்க ஊர்ல பேப்பர் இல்லாம பக்கத்து ஊருக்குக்கூடப் போக முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள். வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் தெரிவிக்க வேண்டிய படிவம் அன்றைக்கு இப்படித்தான் முடிந்தது.

அவள் பெங்களூரில் உணவுத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாங்கொட்டைப் பருப்பிலிருந்து எண்ணெய் எடுப்பது அவள் ஆராய்ச்சி. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் மலை மலையாகக் கொட்டும் கொட்டைதான் அவளுக்கு மூலப்பொருள். வாரத்தில் மூன்று நாள் பெங்களூர், இரண்டு நாள் கிருஷ்ணகிரி. இரண்டுக்கும் நடுவில் ஓசூர். ஜூஜுவாடி பக்கம் வாடகையும் குறைவு. அதனால் என் மாடி. முப்பது வயதிருக்கும். சிரித்தால் மாடிப்படி வழியாக என் சமையலறை வரைக்கும் கேட்கும்.

நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் எனக்கு ஒரே ஒரு அறை. இரண்டு மேசை, ஒரு கணினி, சுவரோரம் பழைய பத்திர நகல்கள். என் அப்பாவும் அம்மாவும் சூளகிரிக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கேழ்வரகு அறுத்தவர்கள். எங்களுக்கென்று ஒரு கைப்பிடி மண் கிடையாது. அம்மா பெயரில் அரசாங்கம் மூன்று சென்ட் வீட்டுமனைப் பட்டா கொடுத்த நாளில் அப்பா அந்தக் காகிதத்தை நாலு பேரிடம் கொடுத்து நாலு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொருவர் படிக்கும்போதும் அம்மாவின் பெயர் வரும் இடத்தில் அவர் தலை தானாக ஆடும். எனக்கு எழுத்தின் மேல் ஆசை வந்தது அப்போதுதான்.

மாடிப் பெண்ணுக்கு ஆறே மாதத்தில் தமிழ் வந்துவிட்டது. தமிழ் என்று முழுதாகச் சொல்ல முடியாது. பால்காரர் கன்னடம், காய்கறிக்காரம்மா தெலுங்கு, நான் தமிழ். மூவரிடமும் கற்றதை அவள் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கிவிட்டாள். "அக்கா, எனக்குக் கொஞ்சம் கொத்தமல்லி பேக்கு, எந்த ரேட்?" என்பாள். 'வேண்டும்' கன்னடத்தில், 'எவ்வளவு' தெலுங்கில். ஓசூரில் அதைப் புரிந்துகொள்ளாதவர் யாரும் கிடையாது. சனிக்கிழமைகளில் என் அறைக்கு வந்து உட்கார்ந்து தன் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வாள். வருகிறவர்கள் அவளையும் எழுத்தர் என்று நினைத்து வில்லங்கச் சான்று கேட்பார்கள். அவள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "அக்கா வர்றாங்கோ, உக்காருங்கோ" என்பாள்.

ஒரு தை மாதக் காலையில் அவள் செருப்புப் போடாமல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நான் அலுவலகச் சாவியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எங்க தோட்டத்துல ஒரு பேப்பர் வெச்சிட்டுப் போயிருக்காங்க. கல்லுக்கு அடியில."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டேன். அவள் ஊர் மேற்குக் கரையில், இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் இருக்கும் மலைப்பகுதி. மலைச்சரிவில் படிப்படியாகக் கல் அடுக்கிக் கட்டிய தோட்டம். எல்லாம் ஆலிவ் மரங்கள். மலை உச்சியில் ஓர் இஸ்ரேலியக் குடியேற்றம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மேலே உள்ள படிகளுக்கு இவர்கள் போக வேண்டுமென்றால் ராணுவத்தின் அனுமதி வேண்டும். அதுவும் அறுவடைக்காகச் சில நாட்கள்தான், சில வருடங்களில் அதுவும் இல்லை. இப்போது அந்தச் சரிவு முழுவதும் அரசு நிலம் என்று அறிவித்து ஓர் உத்தரவும் வரைபடமும் வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து பல வருடம் பயிர் செய்யாமல் கிடந்தால் நிலம் அரசுக்கு என்று துருக்கி சுல்தான்கள் காலத்துச் சட்டம் ஒன்று அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறதாம்.

"போக விடாதவங்களும் அவங்கதான். ஏன் போகலைன்னு கேக்கறவங்களும் அவங்கதான்" என்றாள்.

ஆட்சேபணை சொல்லக் கொஞ்ச நாள்தான் அவகாசம். அவள் அப்பா இறந்துவிட்டார். அம்மா, தம்பி, இவள், மூன்று பேரும் சேர்ந்துதான் எதிர்த்து மனுப்போட வேண்டும். தம்பி போனில் கூப்பிட்டு அரபியில் படபடவென்று பேசினான். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் புரியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் நடுநடுவே என் தொழில் சத்தம் காதில் விழுந்தது.

"இப்ப வாரிசுன்னு சொன்னானா?" என்றேன்.

அவள் போனை இறக்கினாள். "வாரிஸ். அப்பா செத்தா பிள்ளைங்க."

"அதேதான் வாரிசு! வக்காலத்துன்னும் காதுல விழுந்துதே?"

"வகாலா. கோர்ட்டுக்கு வேற ஆளைப் போகச் சொல்லிக் கையெழுத்துப் போடற பேப்பர்."

"அட, நாங்களும் வக்காலத்துன்னுதாம்மா சொல்றோம்!"

இரண்டு பேரும் காகிதம் எடுத்து வைத்து எழுத ஆரம்பித்தோம். வக்கீல், வசூல், மகசூல். எல்லை என்பதற்கு அவர்கள் "ஹத்" என்கிறார்கள். அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடத்துக்காரர்கள் நில எல்லையை "ஹத்து" என்கிறார்கள். என்றைக்கோ யாரோ குதிரையில் கொண்டுவந்த சொற்கள் எங்கள் தாலுகா அலுவலகத்தில் இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கின்றன. அழுது வீங்கிய முகத்தோடு வந்தவள் மகசூல் என்ற சொல்லைக் கேட்டுக் கைதட்டிச் சிரித்தாள். மேசையில் கிடந்த போனில் தம்பி, "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அவன் அனுப்பிய ஆவணத்தைப் படமாகப் பார்த்தோம். அவர்களுடைய கொள்ளுத்தாத்தா பெயரில் ஒரு பழைய நிலவரித் தாள். அவ்வளவுதான். அந்த மலைப்பகுதியில் நிலங்களை அளந்து பதிவு செய்யும் வேலை பாதியில் நிறுத்தப்பட்டதால் பலரிடமும் இது மாதிரித் தாள்தான் இருக்கிறதாம். அவள் வரி வரியாக மொழிபெயர்த்தாள். கிழக்கே இன்னாருடைய மரங்கள், மேற்கே இன்னாருடைய நிலம், வடக்கே பாறை, தெற்கே ஓடை.

என் கை தானாகப் பேனாவைத் தேடியது. "இது செக்குபந்தி" என்றேன். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, எங்கள் பக்கத்துப் பத்திரத்தில் நிலத்தின் நான்கு எல்லைகளுக்கும் அதுதான் பெயர். ஒரு நிலம் எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்து நிலங்களை வைத்துச் சொல்லும் முறை.

சிக்கல் பரப்பில் இருந்தது. தாளில் எழுதியிருந்ததைப் போல் இரண்டு மடங்கு நிலம் உண்மையில் இருந்தது. வரி குறையட்டும் என்று கொள்ளுத்தாத்தா பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்திலும் அந்தக் காலத்து ஆட்கள் பலர் செய்த வேலைதான் அது. ஆனால் இப்போது தாளில் உள்ள அளவுதான் உங்களுடையது, மீதி அரசுடையது என்று அவர்கள் சொல்லலாம் என்று அங்கிருக்கும் வக்கீல் கவலைப்பட்டாராம்.

"அளவு தப்பா இருந்தா எல்லைதான் பேசும்" என்றேன். "எங்க கோர்ட்டுல அப்படித்தான் பாப்பாங்க. உங்க ஊர்ல எப்படின்னு வக்கீலைக் கேளு. இன்னொண்ணும் கேளு. பக்கத்து நிலத்துக்காரங்ககிட்ட அவங்கவங்க பழைய தாள் இருக்கும் இல்ல? அதுல அவங்க எல்லையா உங்க கொள்ளுத்தாத்தா பேரு வருதான்னு பாக்கச் சொல்லு. நீ உன் நிலம்னு சொல்றது ஒரு சாட்சி. மூணு பேரு தாள்ல, மூணு பக்கத்துல இருந்து, இது உன் நிலம்னு எழுதியிருந்தா அது வேற சாட்சி."

அவள் அதைத் தம்பியிடம் சொன்னாள். அவன் ஏதோ முணுமுணுத்தான். அவள் முகம் சுருங்கியது.

கிழக்கு வீட்டுக்காரர்கள் கொடுத்துவிடுவார்களாம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் கொடுப்பார்களாம். மேற்குப் பக்கத்துக்காரரிடம்தான் சிக்கல். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஓர் அத்திமரம். அது யாருடையது என்று அவள் அப்பாவுக்கும் அந்த மனிதருக்கும் சண்டை. பதினைந்து வருடமாகப் பேச்சில்லை. ஒரு கல்யாணத்தில் எதிரெதிரே உட்கார நேர்ந்தபோது இரண்டு பேரும் சாப்பிடாமலே எழுந்து போனார்களாம். "அப்பா இறந்தப்பக்கூட அவர் வாசல் வரைக்கும்தான் வந்தாரு" என்றாள்.

"அவரு நிலமும் அந்த வரைபடத்துல இருக்குதா?"

"ஆமா."

"அப்ப போய் கதவைத் தட்டச் சொல்லும்மா."

இதற்கு நடுவில் அவளுடைய வக்காலத்தை இங்கிருந்து தயார் செய்ய வேண்டியிருந்தது. வக்கீல் அனுப்பிய வாசகத்தை அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்செடுத்தோம். நோட்டரி முன்னால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். ஆயிரக்கணக்கான பத்திரம் எழுதியிருக்கிறேன், யாருக்கும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டதில்லை. எழுத்தர் எழுத்தராகவே இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அன்றைக்கு அதைக் காற்றில் விட்டேன். இரண்டாவது சாட்சியாகப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, உங்க ஊர் கோர்ட்டுல என் கையெழுத்தைப் படிப்பாங்களா? நான் தெலுங்குலதான் போடுவேன்."

"போடுங்கோ அண்ணா, பரவாலேது" என்றாள் அவள்.

அரபியில் அவள், தமிழில் நான், தெலுங்கில் அவர். நோட்டரி முத்திரை குத்திவிட்டுத் தாளைத் தூக்கிப் பிடித்துச் சற்று நேரம் ரசித்தார். பிறகு அவளே டெல்லிக்கு ரயிலேறிப் போய் அவர்கள் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பிவிட்டு வந்தாள். வரும்போது எனக்கு ஒரு பெட்டி பேட்டா என்கிற பூசணி மிட்டாய் வாங்கி வந்தாள்.

அந்த வாரம் சூளகிரி பக்கத்தில் ஒரு நில எடுப்பு விசாரணை. தொழிற்பேட்டைக்காக நிலம் கேட்டிருந்தார்கள். சில விவசாயிகளுக்கு ஆட்சேபணை மனு நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவளும் வருகிறேன் என்றாள். பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மனுவைக் கொடுத்துவிட்டு உட்காருவார்கள் என்று பார்த்தால், ஒரு பெரியம்மா மைக்கைப் பிடுங்கி, அதிகாரியைப் பார்த்து, "உன் வூட்டு நெலத்தக் குடுப்பியாய்யா?" என்று ஆரம்பித்தார். கால் மணி நேரம் விடவில்லை. அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முடிந்ததும் அவரே எழுந்து போய் அந்தம்மாவுக்கு டீ சொன்னார்.

திரும்பும் பேருந்தில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். "அவங்க ஆபீசரைத் திட்டினாங்க. அவரு டீ வாங்கிக் குடுத்தாரு" என்றாள்.

"எல்லா நாளும் இப்படி இருக்காதும்மா. டீ குடுத்துட்டு நிலத்தையும் எடுத்துக்குவாங்க. நான் பாத்திருக்கேன்."

"தெரியும் அக்கா. ஆனா அந்தம்மா அடுத்த எலெக்ஷன்ல ஓட்டுப் போடுவாங்க. எங்க நிலத்தை முடிவு பண்றவங்களுக்கு நாங்க ஓட்டுப் போட முடியாது. திட்டினா டீ வராது." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு முழுசாச் சொல்லுங்க. எனக்கு அதைக் கத்துக்கணும்" என்றாள். ஓசூர் வந்து சேரும்வரை நான் சொல்ல, அவள் அந்தம்மாவின் குரலிலேயே சொல்லிப் பார்த்தாள். முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் முன்பக்கம் போய்விட்டார்.

மேற்குப் பக்கத்துக்காரர் கதை அதற்கு மறுநாள் வந்தது. தம்பி போய்க் கதவைத் தட்டவே இல்லை. தட்டலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த மனிதரே இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். கையில் ஒரு தகரப் பெட்டி. மற்ற வீடுகளில் தாள் கேட்கிறார்கள் என்று தெரிந்து வந்தாராம். அம்மா காப்பி கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து தன் தாத்தாவின் கிரயத் தாளை மேசையில் வைத்தார். அதில் அவருடைய கிழக்கு எல்லையாக இவர்கள் கொள்ளுத்தாத்தாவின் முழுப்பெயர் இருந்தது. பெயரோடு நிற்கவில்லை. "இன்னாருடைய அத்திமரம் வரை" என்று எழுதியிருந்தது.

அவள் இதை எனக்குச் சொல்லும்போது என் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாள். பதினைந்து வருடம் அந்தத் தாள் அவர் பெட்டியில்தான் இருந்திருக்கிறது. மரம் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"அம்மா படிச்சிட்டு அவரைப் பாத்தாங்களாம். அவரு தலையைக் குனிஞ்சிட்டு, 'அத்திப்பழம் உங்களுக்கு, ஆனா எனக்கும் கொஞ்சம் குடுங்க' அப்படின்னாராம். அம்மா அழுதாங்களாம், சிரிச்சாங்களாம். அப்புறம் திட்டினாங்களாம். ரொம்ப நேரம் திட்டினாங்களாம்!"

"திட்டட்டும். பதினஞ்சு வருஷப் பாக்கி இருக்குதில்ல?" என்றேன்.

மூன்று பக்கத்துத் தாள்கள், வரித் தாள், மரங்கள் வரிசை வரிசையாகத் தெரியும், விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்கள், ஓசூர் சாட்சிகளோடு போன வக்காலத்து எல்லாம் சேர்ந்து அவகாசம் முடிவதற்குள் மனு போய்ச் சேர்ந்தது. மேற்குப் பக்கத்துக்காரரும் அதே வக்கீலிடம் தன் மனுவைக் கொடுத்தார். அவருக்கு இவர்கள் தாள் சாட்சி.

பிறகு காத்திருப்பு. மாங்காய்ப் பருவம் வந்தது. கிருஷ்ணகிரி சாலை முழுக்க லாரிகளும் மாம்பழ வாசனையும். அவள் தினமும் கொட்டைகளைக் காயவைத்து உடைத்துப் பருப்பெடுத்துச் சட்டையெல்லாம் மஞ்சளாக வருவாள். அந்த மாதங்களில் செய்தியில் காஸா, குண்டு, ஊர்வலம் என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். சில நாட்கள் அவள் அதைப் பார்க்க மாட்டாள், நானும் போடமாட்டேன். சில நாட்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முழுவதும் பார்ப்போம். சந்தையில் யாராவது "உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டால் மட்டும் அவளுக்குக் கண் நிறைந்துவிடும். கேட்டார்கள். காய்கறிக்காரம்மா தவறாமல் கேட்டார்.

முடிவு புரட்டாசியில் வந்தது. அறிவிப்பிலிருந்து கீழ்ச்சரிவை விலக்கிவிட்டார்கள். ஆலிவ் மரங்கள் நிற்கும் படிகள் எல்லாம், அத்திமரமும் சேர்த்து, இவர்களுக்கும் பக்கத்துக்காரர்களுக்கும். மேலே பாறையோடு சேர்ந்த பட்டை போய்விட்டது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல், செய்திருக்கிறார்கள். அது இன்னும் நடக்கிறது. அவள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் அறை நடுவில் நின்றாள். பத்திரம் எழுத வந்திருந்த குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. "என்னாச்சிம்மா?" என்று அந்த வீட்டம்மா கேட்டார். "நிலம் வந்துடுச்சுங்க!" என்றாள். அந்தக் குடும்பத்துக்கு அவள் யார், எந்த நிலம் என்று ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாங்கி வந்திருந்த இனிப்புப் பெட்டியைப் பிரித்து முதல் லட்டை அவளுக்குத்தான் கொடுத்தார்கள்.

ஐப்பசியில் அறுவடை. அனுமதி கிடைத்த முதல் ஞாயிறன்று அவள் எங்கள் மொட்டை மாடியில் விருந்து வைத்தாள். வெங்காயத்தை மூட்டைக் கணக்கில் நறுக்கினோம். ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்து சொட்டுச் சொட்டாகச் செலவழித்த ஆலிவ் எண்ணெய் கடைசி அரை பாட்டில் இருந்தது. அத்தனையையும் கொட்டி வதக்கினாள். "அய்யோ, கொஞ்சம் வெச்சுக்கம்மா" என்றேன். "எதுக்கு? புதுசு வருது!" என்றாள். நெடுஞ்சாலை தாபாவிலிருந்து தந்தூரி ரொட்டி வாங்கி வந்து அதன் மேல் வெங்காயத்தையும் கோழியையும் அடுக்கி, சுமாக் என்கிற ஒரு புளிப்புப் பொடியைத் தூவினாள். என் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மாங்காப் பொடி மாதிரி இருக்குது, ஆனா நல்லாருக்குது" என்று இரண்டாவது ரொட்டி கேட்டார்.

மழை தூறத் தொடங்கியதும் எல்லோரும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒதுங்கினோம். வீடியோ அழைப்பில் பார்த்தால் அங்கே வெயில். மரத்தடியில் விரித்த துணியில் காய்கள் மழை போலச் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தன. தம்பி ஏணியில் இருந்தான். மேற்குப் பக்கத்துக்காரர் தன் மரங்களை விட்டுவிட்டு இவர்கள் மரத்தில் நின்று பறித்துக்கொண்டிருந்தார். அவளுடைய அம்மா போனை வாங்கி என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். பெரிய முகம், வெயிலில் சிவந்திருந்தது. அவர் அரபியில் நீளமாக ஏதோ சொன்னார். நான் தமிழில், "நல்லா இருங்கம்மா, மகசூல் எப்படி?" என்றேன்.

"மஹ்சூல்!" என்று அவர் கத்தினார். பிறகு இரண்டு கையிலும் காய்களை அள்ளித் திரை முழுவதும் நிறையும்படி காட்டினார். ஜெராக்ஸ் கடைக்காரர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இது கிலோ எவ்ளோம்மா அங்க?" என்று கேட்டார். அவள் அதை மொழிபெயர்த்தாள். அந்த மலைச்சரிவில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விலை சொல்ல ஆரம்பித்தார்கள், ஆளுக்கொரு விலை. அவர்களுக்குள் அதுவே ஒரு வாக்குவாதமாகிவிட்டது. எங்கள் மாடியில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போன் அணைகிற வரைக்கும் எல்லோரும் நின்று கேட்டோம்.